பல்லால் கடிக்காமல் முட்டையை உடைக்கும் பாம்பு

பாம்பு என்றதும் நச்சுப்பல்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால், ஆப்பிரிக்காவில் வாழும் ஒரு பாம்புக்கு நஞ்சும் இல்லை; கடிக்க உதவும் பல்லும் இல்லை. டேசிபெல்டிஸ் ஸ்கேப்ரா என்பது அதன் அறிவியல் பெயர். முட்டை தின்னும் பாம்பு என்று நாம் அழைக்கலாம். பறவை முட்டைகளே அதன் உணவு.

இரவில் கூடுகளைத் தேடிச் செல்லும் இப்பாம்பு, முட்டையை முதலில் நாக்கால் தொட்டுச் சோதிக்கும். கெட்டுப்போனதாக இருந்தால் விட்டுவிடும். நல்ல முட்டை என்றால், அது தன் தலையைவிட மூன்று மடங்கு பருமனாக இருந்தாலும் விழுங்கிவிடும். கீழ்த்தாடையின் இரு பகுதிகளையும் இணைக்கும் தோல் ரப்பர்போல் விரிவதே அதற்குக் காரணம்.

சரி, ஓட்டை எப்படி உடைக்கிறது? கழுத்தை அடுத்த முதுகெலும்புகளின் அடியில் சிறு எலும்பு முட்கள் உணவுக்குழாய்க்குள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. பாம்பு உடலை வளைத்துத் தசைகளை இறுக்கும்போது, அந்த முட்கள் ஓட்டில் அழுந்தி அதை உடைக்கின்றன. மஞ்சள் கருவும் வெள்ளைக் கருவும் வயிற்றுக்குள் இறங்க, நசுங்கிய ஓடு வாய் வழியே வெளியே வந்துவிடும். ஓட்டின் உட்புறச் சவ்வு துண்டுகளைச் சிதறாமல் பிடித்துக்கொள்கிறது.

ஓடு வெளியேறுவதால் வயிற்றில் அடுத்த முட்டைக்கு இடம் கிடைக்கிறது. இது மிக முக்கியம். பறவைகள் முட்டையிடும் பருவத்தில் நிறைய உண்டு கொழுப்பைச் சேர்த்துக்கொண்டால்தான், மற்ற மாதங்களில் அது பட்டினியைத் தாங்க முடியும்.

பல்லும் நஞ்சும் இல்லாத உயிர் தன்னைக் காத்துக்கொள்வது எப்படி? நடிப்பால்தான்! அதன் நிறமும் கோலங்களும் நைட் ஆடர் என்னும் நச்சுப் பாம்பை ஒத்திருக்கின்றன. ஆபத்து நெருங்கினால், சுருட்டை விரியனைப்போல் உடலைச் சுருட்டி, சொரசொரப்பான செதில்களை உரசிச் சீறும் ஒலி எழுப்பும். வாயைத் திறந்து உள்ளிருக்கும் கருநிறத்தைக் காட்டிப் பாய்ந்து மிரட்டும்.

எதிரிகளை விரட்டும் இந்த வேடமே மனிதர்முன் அதற்கு எமனாகிறது. நச்சுப் பாம்பு என்றெண்ணிப் பலர் அதை அடித்துக் கொல்கின்றனர்.

நிறத்தையும் சீற்றத்தையும் மட்டும் வைத்து எந்தப் பாம்பையும் எடைபோட முடியாது. எனவே, பாம்பைக் கண்டால் அடிக்கவும் வேண்டாம், பிடிக்கவும் வேண்டாம். விலகி நின்று, பயிற்சி பெற்றவர்களை அழையுங்கள்.