முதல் நாளே அறுத்துவிடுவார்களாம்!

"அங்கே போனால் அவ்வளவுதான். முதல் நாளே அட்மிஷன் போட்டு, படுக்க வைத்து, வயிற்றை அறுத்துவிடுவார்கள்." எடைக்குறைப்பு ஆபரேஷன் என்ற பேச்சு எழுந்தாலே யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் இருப்பதில்லை. கல்யாணப் பந்தியில் சொல்கிறார்கள், காலை நடைப்பயிற்சியில் சொல்கிறார்கள், நன்றாகப் படித்தவர்களே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவாகவும் அனுப்புகிறார்கள். நான் மயக்க மருந்து மருத்துவர். வயிற்றைச் சுருக்கும் அறுவைக்கு வருகிறவரை மேசையில் ஏற்றலாமா, கூடாதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. அதனால் இந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கையெழுத்து முதல் நாளில் கிடைக்காது. கிடைக்கவும் கூடாது.

இது யாருக்கும் கெடுதல் செய்யாத வெட்டிப் பேச்சு என்று நினைக்காதீர்கள். இதை நம்பி ஆலோசனைக்கே போகாமல் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். 35 வயதில் சுகரும் பிரஷரும் ஆரம்பித்தபோது வந்திருக்க வேண்டியவர், சிறுநீரகம் பழுதாகி, முழங்கால் தேய்ந்த பிறகு 45 வயதில் வருகிறார். அப்போது அறுவையின் ஆபத்தும் கூடிவிடுகிறது, பலனும் குறைந்துவிடுகிறது. இத்தனையும் எதற்காக? ஒரு மருத்துவருக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து பேசப் பயந்ததற்காக!

ஆமாம், முதல் சந்திப்பில் பெரும்பாலும் பேச்சுதான் நடக்கும். எடை, உயரம், இடுப்புச் சுற்றளவு பார்ப்பார்கள். கழுத்துச் சுற்றளவையும் அளப்பார்கள்; அது ஏன் என்று பிறகு சொல்கிறேன். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து பி.எம்.ஐ. கணக்கிடுவார்கள். 160 செ.மீ. உயரமுள்ள ஒருவர் 90 கிலோ இருந்தால் அது 35-ஐத் தாண்டும். 1991-ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் வகுத்த விதி, 40-க்கு மேல் இருந்தால் அறுவை, 35-க்கு மேல் இருந்து உடன் நோய்களும் இருந்தால் அறுவை என்றது. 2022-ல் உலக அளவிலான எடைக்குறைப்பு அறுவை மருத்துவர் சங்கங்கள் இதைத் திருத்தி, 35-க்கு மேல் இருந்தால் உடன் நோய் இல்லாவிட்டாலும் பரிந்துரைக்கலாம் என்றும், 30-க்கு மேல் சுகர் போன்ற நோய்கள் இருந்தால் பரிசீலிக்கலாம் என்றும் சொல்லின. குறைந்த எடையிலேயே நமக்குச் சுகர் வந்துவிடுவதால், ஆசியர்களுக்கு வரம்பு இன்னும் கீழே, 27.5 வரைகூட இறங்குகிறது. ஆனால் இந்த எண் ஆலோசனையைத் தொடங்கி வைப்பதற்கு மட்டும்தான். எண் பொருந்திய எல்லோருக்கும் கத்தி எடுப்பதில்லை.

அடுத்தது கதை கேட்பது. எந்த வயதில் எடை ஏறத் தொடங்கியது? பிரசவத்துக்குப் பிறகா, இரவு ஷிப்ட் வேலைக்குப் போன பிறகா, ஒரு துக்கத்துக்குப் பிறகா? இதற்கு முன் என்னென்ன டயட் இருந்து பார்த்தீர்கள்? வீட்டில் யார் சமைக்கிறார்கள்? இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு? குடிப்பழக்கம், புகைப்பழக்கம் உண்டா? மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? சில மனநல மருந்துகளும் ஸ்டீராய்டும் இன்சுலினும் எடையைக் கூட்டும். மூட்டு வலிக்கென்று பெயர் ஒட்டாத பொட்டலத்தில் வாங்கிச் சாப்பிடும் பொடியிலும் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்புண்டு. அதனால் வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகள், பொட்டலங்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். "அது சும்மா நாட்டு மருந்துதான் டாக்டர்" என்று மறைக்காதீர்கள். மறைத்தால் மாட்டிக்கொள்வது உங்கள் உயிர்.

பேச்சு முடிந்த பிறகு வருவது பரிசோதனைப் பட்டியல். மூன்று மாதச் சுகர் அளவு, தைராய்டு, கல்லீரல், சிறுநீரகம், இரும்புச்சத்து, பி12, வைட்டமின் டி ஆகியவற்றுக்கு ரத்தம் எடுப்பார்கள். பித்தப்பைக் கல்லும் கல்லீரல் கொழுப்பும் இருக்கிறதா என்று வயிற்று ஸ்கேன், இதயத்துக்கு ஈ.சி.ஜி., எக்கோ. வயிற்றுக்குள் புண்ணோ கிருமியோ இருக்கிறதா என்று பல இடங்களில் எண்டோஸ்கோப்பியும் செய்வார்கள். உணவியல் நிபுணரைத் தனியாகப் பார்க்க வேண்டும், மனநல நிபுணரையும் பார்க்க வேண்டும். புகைப்பவர் பல வாரங்களுக்கு முன்பே நிறுத்தியாக வேண்டும். இத்தனையும் முடிந்து தேதி குறித்த பிறகும், பெரும்பாலான இடங்களில் இரண்டு வாரம் மிகக் குறைந்த கலோரி உணவில் இருக்கச் சொல்வார்கள். பருமனானவர்களின் கல்லீரல் கொழுப்பேறி வீங்கி இரைப்பையை மூடிக்கொண்டிருக்கும். இரண்டு வாரத்தில் அது சுருங்கினால்தான் அறுவை மருத்துவர் அதை அலுங்காமல் தூக்கிவிட்டு உள்ளே வேலை செய்ய முடியும். இவ்வளவு வேலையும் முதல் நாளிலேயே முடியுமா?

இப்போது கழுத்துக்கு வருகிறேன். இது என் துறை. கொஞ்சம் விரிவாகவே சொல்வேன். மல்லாந்து படுத்திருக்கும் பருமனானவரின் வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளும். மூச்சு விட்ட பிறகும் நுரையீரலில் தங்கியிருக்க வேண்டிய காற்று குறைந்துவிடும். நன்றாக ஆக்சிஜன் கொடுத்த பிறகு மயக்கத்தில் மூச்சை நிறுத்தினால், சாதாரண எடையுள்ள ஆரோக்கியமானவருக்கு ரத்த ஆக்சிஜன் இறங்க ஏறத்தாழ 8 நிமிடம் ஆகும். மிகவும் பருமனானவருக்கு ஏறத்தாழ 3 நிமிடம்தான். அதற்குள் நான் மூச்சுக்குழாயில் குழாயைச் செலுத்தியாக வேண்டும். கழுத்து பருத்து, தொண்டை குறுகியிருந்தால் அது கடினம். முன்கூட்டியே தெரிந்தால் தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்து, கேமரா பொருத்திய கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, உதவிக்கு இன்னொருவரை நிறுத்தித் தயாராக இருப்பேன். தெரியாமல் தொடங்கினால் அது விபத்து.

அதைவிட முக்கியம் குறட்டை. "அவர் நல்லாத் தூங்குவார் டாக்டர், குறட்டை விட்டுத் தூங்குவார்" என்று மனைவி பெருமையாகச் சொல்வார். அது நல்ல தூக்கம் அல்ல. தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று, நின்று, திரும்பி வருகிற நோயாக அது இருக்கலாம். தூக்க மூச்சுத்தடை என்கிறோம். 2008-ல் டொரண்டோவில் மயக்கவியல் மருத்துவர்கள் எட்டுக் கேள்விகள் கொண்ட ஒரு சோதனையை உருவாக்கினார்கள். குறட்டை, பகல் சோர்வு, தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்தது, பிரஷர், 35-க்கு மேல் பி.எம்.ஐ., 50-க்கு மேல் வயது, 40 செ.மீ.க்கு மேல் கழுத்து, ஆண் என்பது. எட்டில் ஐந்துக்கு 'ஆம்' என்றால் ஆபத்து அதிகம். அப்படிப்பட்டவருக்கு இரவுத் தூக்கப் பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் சீபாப் என்ற காற்றழுத்தக் கருவியை மூக்கில் மாட்டித் தூங்கப் பழக்கிய பிறகே அறுவைக்கு எடுக்க வேண்டும். அறுவைக்குப் பிறகு கொடுக்கும் வலி மருந்து தொண்டையை இன்னும் தளர்த்தும் என்பதே காரணம். அமெரிக்காவின் 10 மையங்களில் 4,776 பேரைப் பின்தொடர்ந்து 2009-ல் வெளியான ஆய்வில், 30 நாளுக்குள் இறந்தவர்கள் 0.3 சதவீதம். யாருக்குச் சிக்கல் அதிகமாக வந்தது என்று பார்த்தால், தூக்க மூச்சுத்தடை உள்ளவர்கள், முன்பே காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்தவர்கள், நடமாட்டம் குறைந்தவர்கள். மூன்றுமே முதல் சந்திப்பில் கேட்டால் தெரிந்துவிடும் விஷயங்கள்.

இந்த வதந்திக்கு ஆதாரமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, அதுதான் வேதனை. "இந்த மாதம் மட்டும் சலுகை", "காலையில் வாருங்கள், மறுநாள் வீட்டுக்குப் போங்கள்" என்று விளம்பரம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடைக்குறைப்பு அறுவைக்குப் போன இளைஞர் இறந்தார். அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. ஆகவே தெளிவாகச் சொல்கிறேன்: பரிசோதனை எதுவும் இல்லாமல், மயக்க மருத்துவரைப் பார்க்காமல், முதல் நாளே தேதியும் பேக்கேஜும் சொல்லி முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் இருக்கிறதா, இரவில் மருத்துவர் இருப்பாரா, சிக்கல் வந்தால் யார் பார்ப்பார் என்று கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளிக்கும் இடம் உங்களுக்கு வேண்டாம். முறையான இடத்தில் "உங்களுக்கு இப்போது அறுவை தேவையில்லை" என்ற பதிலோடும் நீங்கள் வீடு திரும்பலாம். அப்படித் திரும்புகிறவர்கள் நிறைய.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை.

'குண்டானவர்கள் மயக்கத்திலிருந்து எழ மாட்டார்கள்' என்பது பொய். முறையாகத் தயார் செய்தவர்கள் எழுகிறார்கள். பலர் அன்று மாலையே கட்டிலை விட்டு இறங்கி நடக்கிறார்கள்.

'கொழுப்பை உறிஞ்சி எடுக்கிற ஆபரேஷன்தானே?' இல்லை. லைப்போசக்ஷன் தோலுக்கடியில் உள்ள கொழுப்பை எடுப்பது, அழகுக்காக. அமெரிக்காவில் பருமனான 15 பெண்களுக்குக் கிலோ கணக்கில் அப்படி எடுத்துப் பார்த்து 2004-ல் வெளியிட்டார்கள். சுகரிலோ பிரஷரிலோ முன்னேற்றமே இல்லை. இங்கே பேசுவது இரைப்பையின் முக்கால் பங்கை அகற்றும் ஸ்லீவ் அல்லது இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைக்கும் பைபாஸ். பசியையும் சுகரையும் ஆளும் ஹார்மோன்களே மாறுகின்றன.

'இப்போதுதான் எடைக்குறைப்பு ஊசி வந்துவிட்டதே!' மவுன்ஜாரோவும் வெகோவியும் 2025-ல் இந்தியாவுக்கு வந்தன. நல்ல மருந்துகள், பலருக்கு அறுவையையே தள்ளிப்போடலாம். ஆனால் போட்டுக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். இந்த ஊசி இரைப்பை காலியாவதை மெதுவாக்கும். எட்டு மணி நேரம் பட்டினி இருந்தவரின் வயிற்றிலும் சோறு இருக்கலாம். மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

'குழந்தை பிறக்காது' என்பதும் தவறு. எடை குறைந்ததும் மாதவிடாய் சீராகி, சினைப்பை நீர்க்கட்டி உள்ள பெண்கள் எளிதில் கருத்தரிக்கிறார்கள். அதனால்தான் 12 முதல் 18 மாதம் வரை கருத்தடை அவசியம் என்று முதல் சந்திப்பிலேயே சொல்கிறோம்.

'காப்பீடு தராது' என்கிறார்கள். காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் 2019-ல் வகுத்த விதிப்படி, 18 வயது நிறைந்தவருக்கு, மற்ற வழிகள் தோற்ற பிறகு, பி.எம்.ஐ. 40-ஐத் தொட்டிருந்தால் உண்டு. 35-க்கு மேல் இருந்து, இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத்தடை, கட்டுக்கடங்காத சுகர் போன்றவை இருந்தாலும் உண்டு. பாலிசியைப் படியுங்கள். பழைய டயட் சீட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். மற்ற வழிகளை முயன்றதற்கு அவைதான் சாட்சி.

முதல் சந்திப்பில் நடக்கிற இன்னொரு தவறையும் சொல்லியாக வேண்டும். அது நோயாளியின் தவறு அல்ல, எங்களுடையது. பிரஷர் பார்க்கும் பட்டை. பருத்த கையில் சாதாரண அளவுப் பட்டையைச் சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும். மிகப் பெரிய பட்டை தேவைப்படுகிறவர்களுக்குச் சாதாரணப் பட்டையில் பார்த்தால் மேல் அளவு சராசரியாக 19.5 புள்ளி அதிகம் காட்டுகிறது என்று 2023-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று அளந்தே சொல்லிவிட்டது. 125 இருப்பவருக்கு 145 என்று எழுதி மாத்திரை கொடுக்கிறோம், "பிரஷர் ஏறியிருக்கு" என்று அறுவையைத் தள்ளிப்போடுகிறோம். நம் ஊரில் எத்தனை கிளினிக்கில் பெரிய பட்டை இருக்கிறது? 130 கிலோவோடு நின்றுவிடுகிற எடை எந்திரம், கைப்பிடிக்குள் இடுப்பு நுழையாத நாற்காலி, இவற்றின் நடுவே ஒருவரை உட்கார வைத்து "எடையைக் குறைங்க" என்று சொல்ல எங்களுக்கு என்ன தகுதி இருக்கிறது? அவமானப்பட்டுப் போனவர் இரண்டாம் முறை வர மாட்டார். வதந்திக்கு நாமே உரம் போடுகிறோம்.

உங்கள் மேல்கைச் சுற்றளவு 34 செ.மீ.க்கு மேல் இருந்தால், பிரஷர் பார்க்கிற செவிலியரிடம் பெரிய பட்டை வேண்டும் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மருத்துவமனை நடத்துகிறவர்களே, அரசு மருத்துவமனைக் கண்காணிப்பாளர்களே, அடுத்த கொள்முதல் பட்டியலில் இரண்டு அளவில் பெரிய பட்டைகளையும், 250 கிலோ வரை தாங்கும் எடை எந்திரத்தையும், கைப்பிடி இல்லாத அகன்ற நாற்காலிகளையும் சேருங்கள். இதே நிதியாண்டில் செய்யுங்கள்.