முனுசாமி எப்போது திரும்புவார்?

எது எங்கிருந்து? – வாசகர் கேள்விகள்

இந்த இதழில் எல்லாக் கேள்விகளும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்திலிருந்து வந்தவை. எல்லாமே பெயர்களைப் பற்றியவை.

கேள்வி: எங்கள் லைனில் யாருக்காவது குழந்தை பிறந்தால், ஷிஃப்ட் முடிந்ததும் ஸ்வீட் பாக்ஸை நீட்டிப் பெயர் சொல்வார்கள். சமீபத்தில் கேட்டவை ஆதிரை, செழியன், ஆதன். "எல்லாரும் பழைய பேரா வைக்கிறாங்க" என்கிறார் சூப்பர்வைசர். என் மாமியாரோ, "எங்க காலத்துல இப்படி ஒரு பேரைக் கேட்டதே இல்லையே" என்கிறார். யார் சொல்வது சரி? – வாசகி, ஒரகடம்

பதில்: இருவரும் சொல்வது சரிதான். கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் ஆதன் என்று கீறியிருக்கிறது. மதுரைக்கு அருகே மாங்குளம் குகையில், கி.மு. 2ஆம் நூற்றாண்டுத் தமிழி எழுத்தில் நெடுஞ்செழியன் இருக்கிறான். மணிமேகலையின் அமுதசுரபியில் முதல் பிச்சையிட்ட பெண் ஆதிரை. உங்கள் மாமியார் சிறுமியாக இருந்தபோது இவர்கள் எல்லோரும் புத்தகத்துக்குள்ளும் கல்லிலும் மண்ணுக்கடியிலும் இருந்தார்கள். தெருவில் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஆளில்லை.

இவர்களை வெளியே அழைத்து வரும் வேலை உங்களுக்குப் பக்கத்தில்தான் தொடங்கியது. பல்லாவரத்தில் வாழ்ந்த சுவாமி வேதாசலம், 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கித் தன் பெயரை மறைமலை அடிகள் என்று மாற்றிக்கொண்டார். ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோயில் போய்ச் சேர்ந்தால் வருகிற மறைமலை நகர் அவர் பெயரில் அமைந்ததே. அடுத்த தலைமுறையில் இது அரசியலாயிற்று. திராவிட இயக்கத்தில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். தொண்டர்கள் தங்கள் பெயரை அப்படியே விட்டுவிட்டு, பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பெயர் வைத்தார்கள்.

பிறகு ஒரு பின்வாங்கல். 1990களிலிருந்து நட்சத்திர எழுத்தும் நியூமராலஜியும் டி.வி.யும் சேர்ந்து ஷ், ஸ், ஹ இல்லாமல் பெயரே கிடையாது என்ற நிலைக்குக் கொண்டுவந்தன. இப்போது நீங்கள் ஸ்வீட் பாக்ஸோடு கேட்பது இரண்டாவது அலை. முதல் அலையில் ஒரு வீட்டில் இளஞ்சேரன் என்று கூப்பிட்டால் அப்பா எந்தக் கட்சி என்று சொல்லிவிடலாம். இப்போது அப்படிச் சொல்ல முடியாது. கீழடிச் செய்திகளும், 2022, 2023இல் வந்த பொன்னியின் செல்வன் படங்களும், வாட்ஸ்அப்பில் சுற்றும் பெயர்ப் பட்டியல்களும் கட்சி பார்த்து வருவதில்லை.

கேள்வி: தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் எவ்வளவு பழையது? – வாசகர், மணிமங்கலம்

பதில்: உங்கள் ஊரையே சாட்சிக்கு அழைக்கலாம். மணிமங்கலத்தில் புலிகேசியைத் தோற்கடித்தவன் முதலாம் நரசிம்மவர்மன். அவன் அப்பா மகேந்திரவர்மன், மகனும் மகேந்திரவர்மன். இரண்டு தலைமுறை தள்ளி மறுபடி ஒரு நரசிம்மவர்மன் வருகிறான். காஞ்சி கைலாசநாதர் கோயிலைக் கட்டிய ராஜசிம்மன் அவன்தான். அவனுடைய அப்பாவும் பரமேசுவரவர்மன், மகனும் பரமேசுவரவர்மன். ஆக, 7ஆம் நூற்றாண்டில் காஞ்சி அரண்மனையில் ஊறிப்போன வழக்கம் இது. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் குழம்புவதற்கும் இதுவே காரணம்.

கேள்வி: இராமானுசர் பிறந்தபோது அவருக்கு வைத்த பெயர் என்ன? – வாசகி, ஸ்ரீபெரும்புதூர்

பதில்: இளையாழ்வார். தாய் மாமன் பெரிய திருமலை நம்பி வைத்த பெயர் என்று குருபரம்பரை நூல்கள் சொல்கின்றன. மரபுப்படி 1017ஆம் ஆண்டு, சித்திரைத் திருவாதிரை. ஒரகடம் வாசகி சொன்ன ஆதிரையும் அந்த நட்சத்திரம்தான்.

அவரைப் பற்றி இந்தப் பகுதிக்குப் பொருத்தமான இன்னொரு செய்தி உண்டு. வைணவ ஆசாரியரான ஆளவந்தாரைக் காண இராமானுசர் திருவரங்கம் போனபோது ஆளவந்தார் காலமாகியிருந்தார்; கையில் மூன்று விரல்கள் மடங்கியிருந்தன. மூன்று நிறைவேறாத ஆசைகள் என்று புரிந்துகொண்டு மூன்று சபதங்கள் செய்தார். அவற்றில் ஒன்று, பராசரர், வியாசர் ஆகிய முனிவர்களின் பெயர்கள் உலகில் நிலைக்கச் செய்வது. பின்னாளில் காஞ்சிக்குப் பக்கத்துக் கூரத்தைச் சேர்ந்த கூரத்தாழ்வானுக்கு மகன்கள் பிறந்தபோது அந்தப் பெயர்களையே சூட்டினார். பராசர பட்டரும் வேதவியாச பட்டரும் அப்படி வந்தவர்கள். பழம்பெயரைத் திட்டம் போட்டுத் திருப்பிக் கொண்டுவந்ததற்கு நமக்குத் தெரிந்த நல்ல பழைய உதாரணம், உங்கள் ஊர்க்காரர் செய்தது.

கேள்வி: குழந்தைகளுக்கு மட்டும்தானா? கார், பைக்குகளுக்கும் பழைய பெயர் திரும்புகிறதே? – வாசகர், இருங்காட்டுக்கோட்டை

பதில்: திரும்புகிறது, நிற்பதுதான் அரிது. உங்கள் ஊரில் 1998இல் பிறந்த சான்ட்ரோ, இடையில் நின்றுபோய், 2018இல் மீண்டும் அதே பெயரோடு வந்து, 2022இல் போய்விட்டது. நிசான் 1980களில் கைவிட்ட டாட்சன் என்ற பெயரை 2014இல் ஒரகடத்தில் செய்த காருக்கு ஒட்டினார்கள். அதுவும் 2022இல் முடிந்தது. ராயல் என்ஃபீல்டின் இன்டர்செப்டர் மட்டும் 1960களிலிருந்து 2018க்கு வந்து உறுமிக்கொண்டிருக்கிறது. பழைய பெயர் விற்க வேண்டுமென்றால் பழைய உருவமும் கூட வர வேண்டும் போலிருக்கிறது.

கேள்வி: எங்கள் கம்பெனியில் கொரிய அதிகாரி ஒருவர், அவர் தம்பி, சித்தப்பா மகன் எல்லோர் பெயரிலும் ஓர் எழுத்து ஒன்றாக இருக்கிறது. ஏன்? – வாசகர், சுங்குவார்சத்திரம்

பதில்: அதற்குத் தொல்லிம்ஜா என்று பெயர். ஒரு வம்சத்தில் ஒரே தலைமுறையைச் சேர்ந்த ஆண்கள் ஓர் எழுத்தைப் பொதுவாக வைத்துக்கொள்வார்கள். பெயரைக் கேட்டதும் இவர் எனக்கு அண்ணன் முறையா, சித்தப்பா முறையா என்று தெரிந்துவிடும். நாம் கல்யாண வீட்டில் அரை மணி நேரம் விசாரித்துக் கண்டுபிடிப்பதை அவர்கள் ஓர் எழுத்தில் முடித்துவிட்டார்கள்.

அங்கும் ஒரு மறைமலை அடிகள் அலை அடித்தது. சீன எழுத்துப் பெயர்களை விட்டு, சுத்தக் கொரியச் சொற்களான ஹனுல் (வானம்), அரும் (அழகு) போன்றவற்றைப் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். 1980களில் இது நன்றாகப் பரவியது. ஆனால் ஜப்பானியர் ஆட்சியில் பெருகிய, ‘ஜா’ என்று முடியும் யொங்ஜா, சுன்ஜா வகைப் பாட்டிப் பெயர்களைத் திரும்ப எடுக்க அங்கே யாருக்கும் ஆசையில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

கேள்வி: செழியனும் ஆதனும் வருகிறார்கள், சரி. என் தாத்தா முனுசாமி, பாட்டி கன்னியம்மாள். அந்தப் பெயர்கள் ஏன் வருவதில்லை? – வாசகர், வல்லம்

பதில்: வந்த கேள்விகளில் இதுதான் எனக்குப் பிடித்தது.

பழைய பெயர் திரும்புகிறது என்று நாம் சொல்லும்போது, இரண்டாயிரம் ஆண்டுப் பழமையைச் சொல்கிறோம். அறுபது ஆண்டுப் பழமையை அல்ல. ஆதனை நாம் யாரும் கிழவனாகப் பார்த்ததில்லை. முனுசாமியைப் பார்த்திருக்கிறோம்: பீடி, இருமல், கயிற்றுக் கட்டில். அந்தக் காட்சி மறையாமல் அந்தப் பெயர் குழந்தையின் மேல் உட்காராது. இது உலகம் முழுக்க உள்ளதுதான். அமெரிக்காவில் எம்மா என்ற பெயர் 1880இல் மூன்றாம் இடத்தில் இருந்தது. 1970களில் நானூறாம் இடத்துக்கும் கீழே விழுந்தது. 2014 முதல் 2018 வரை முதலிடம். எம்மாப் பாட்டிகளை நேரில் அறிந்தவர்கள் போய்ச் சேர நூறு ஆண்டு ஆனது.

ஆனால் நம் ஊரில் வயது மட்டும் காரணமில்லை. உங்கள் தாத்தா காலத்துப் பெயர்களைக் கூட்டமாகப் பாருங்கள். முனீசுவரனால் முனுசாமி, கன்னிமாரால் கன்னியம்மாள், திருப்பதியால் ஏழுமலை, காஞ்சியால் ஏகாம்பரம், வரதன், காமாட்சி. திரௌபதி அம்மன் கோயிலும் பாரதக் கூத்தும் நடக்கிற தொண்டைமண்டலத்து ஊர்களில் தருமன், அர்ச்சுனன், பாஞ்சாலை. பெயரைச் சொன்னால் ஊர் தெரியும். இன்று கம்பெனி ஹாஸ்டலில் தெற்கிலிருந்து வந்த பெண் இசக்கியம்மாள் என்று சொன்னதும் திருநெல்வேலிப் பக்கமா என்று கேட்கிறார்களே, அதுபோல. இந்தப் பெயர்கள் ஒவ்வொன்றும் ஓர் ஊரின் முகவரி. செழியனுக்கு அப்படி ஊர் கிடையாது.

இன்னொரு வரிசையும் இருக்கிறது. குப்பன், பிச்சை, தவிட்டான், மூக்கன். முந்திய குழந்தைகள் இறந்துபோனால் அடுத்ததைக் குப்பையில் புரட்டி எடுப்பார்கள், தவிட்டுக்கு விற்று வாங்குவார்கள், மூக்கு குத்துவார்கள். மதிப்பில்லாத பொருளை எமன் தொடமாட்டான் என்ற கணக்கு. தமிழ்நாட்டில் 2020இல் 1,000 பிறப்புக்கு 13 சிசு மரணம் என்ற நிலை வந்துவிட்டது. எமனை ஏமாற்ற வேண்டிய தேவை போனது, பெயரும் போனது. மகன் வேண்டிப் பெண்ணுக்கு வைத்த வேண்டா, போதும்பொண்ணு போனதற்கு அழவும் வேண்டாம்.

எல்லாக் குப்பனும் அன்பினால் குப்பன் ஆகவில்லை. நான்காம் வருணத்தாருக்கு இழிவைக் காட்டும் பெயரே வைக்க வேண்டும் என்று மனுநூல் சொல்கிறது. நல்ல பெயர் வைத்துக்கொண்டால் ஆண்டை முறைப்பார் என்ற நிலையில் எத்தனையோ சேரிகள் இருந்தன. அந்த வீட்டுப் பேத்தி இன்று யாழினியாக அசெம்பிளி லைனில் நிற்கும்போது, ‘பாட்டி பெயரை விட்டுவிட்டாளே’ என்று வெளியிலிருந்து வருத்தப்பட யாருக்கும் உரிமையில்லை. கொரியப் பாட்டிகளின் ‘ஜா’வும் இதுவும் ஒரே கதை.

என் கணிப்பைக் கேட்டால், முதலில் காமாட்சி திரும்புவாள். வரதன் அவளைத் தொடர்வான். முனுசாமிக்கு இன்னும் இருபது, முப்பது ஆண்டு ஆகும். குப்பன் வரமாட்டான், வர வேண்டியதும் இல்லை.

கேள்வி: மகளுக்குப் பெயர் முடிவாகவில்லை. வீட்டில் சண்டை. பிறப்புச் சான்றிதழுக்கு அவசரமா? – வாசகர், படப்பை

பதில்: பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள், பெயர் இல்லாமலும் பதியலாம். பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம். அதனால் சண்டையை ஓர் ஆண்டு வரை நிதானமாகப் போடலாம். பெயரில் ழ இருந்தால், ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்ற சண்டையையும் அதற்குள் முடித்துவிடுங்கள். ஒருமுறை பதிவான எழுத்தை மாற்ற அலுவலகத்துக்கு அலைய வேண்டியிருக்கும்.