எழுந்து நிற்கும் வித்தை

நண்பர்களே, உட்கார்ந்திருப்பவர் எழுந்து நிற்பதில் என்ன பாடம் இருக்கிறது என்று கேட்பீர்கள். எழுந்தவுடன் அரை லிட்டருக்கும் மேற்பட்ட குருதி கால்களிலும் வயிற்றிலும் தேங்குகிறது. முறைப்படி பார்த்தால் நாம் ஒவ்வொரு முறையும் மயங்கி விழவேண்டும். ஆனால் கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. அவை முகுளத்துக்குச் செய்தி அனுப்ப, முகுளம் இதயத்தை விரைவுபடுத்துகிறது. குருதி நாளங்களைச் சுருக்குகிறது. யாவும் நம்மைக் கேளாமலே சில நொடிகளில் நடந்துவிடும்.

பல்லாண்டு நீரிழிவு இந்த நரம்புகளைக் கெடுக்கிறது. கால் மரத்துப்போவதை யாவரும் அறிவர். இதயத்துக்குச் செல்லும் நரம்பு கெடுவதை அறிந்தவர் சிலரே. நீண்ட நரம்புகள் முதலில் கெடுகின்றன. மூளையிலிருந்து வயிறு வரை செல்லும் வேகஸ் நரம்பு அவற்றுள் ஒன்று. இதயத்துக்குக் கடிவாளம் அதுவே. அது தளர்ந்தால் ஓய்விலும் நாடி விரைகிறது. பின்னர் நாளங்களைச் சுருக்கும் நரம்புகளும் கெட, நின்றதும் அழுத்தம் சரிகிறது.

இதைக் கண்டறிய எடின்பரோ மருத்துவர்களான யூயிங், கிளார்க் இருவரும் 1970களில் எளிய சோதனைகளை வகுத்தனர். அவற்றுள் என்னைக் கவர்ந்தது ஒன்று: நிமிடத்துக்கு 6 முறை ஆழ்ந்து மூச்சுவிடச் செய்வது. மூச்சை இழுக்கையில் துடிப்பு ஏறும், விடுகையில் இறங்கும். இவ்வேற்றுமை நிமிடத்துக்கு 15 துடிப்பேனும் இருத்தல் நலம். 10-க்கு மேற்படாவிடில் பழுது என்றனர். (முதுமையில் இது இயல்பாகவே குறையும்.) விடுதி அறையில் உங்கள் நாடியைத் தொட்டே இந்த ஏற்ற இறக்கத்தை உணரலாம்.

மற்றொன்று, படுக்கையில் ஒரு முறையும், எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் மறுமுறையும் அழுத்தம் பார்ப்பது. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் கவனிக்க வேண்டும். உடலில் நீர் வற்றியவருக்கும் அழுத்தம் குறையும். ஆயினும் அவர் நாடி விரையும். நரம்பு கெட்டவர் நாடியோ பெரும்பாலும் அசையாது. உட்காரவைத்து மட்டும் அழுத்தம் பார்க்கும் வழக்கம் போதாது என்று மருத்துவம் பயிலும் நான் கருதுவது இதனாலேயே. அவ்விருவரும் 1980-இல் வெளியிட்ட ஆய்வில், சோதனைகளில் பழுது தெரிந்தவருள் பாதிக்கு மேற்பட்டோர் 5 ஆண்டுகளுக்குள் இறந்திருந்தனர். இந்நோயாளர் சிலருக்கு மாரடைப்பு வந்தாலும் வலி தெரிவதில்லை.

விடுமுறையில் ஊர் செல்கிறீர்கள். நீரிழிவுள்ள தந்தையாரோ தாயாரோ எழுந்ததும் கண் இருட்டுகிறது என்றால், 'வயசாச்சு' என்று விட்டுவிடாதீர்கள். கட்டில் விளிம்பில் சற்று உட்கார்ந்து பிறகு எழச் சொல்லுங்கள். மருத்துவரிடம் அழைத்துச் சென்று, நிற்கவைத்தும் அழுத்தம் பார்க்கும்படி கேளுங்கள். அவர்கள் உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் உடன் கொண்டுபோங்கள். அவற்றுள் சிலவும் அழுத்தத்தை இறக்கக்கூடும்.