பழைய டிராக்டரில் எண்ணெய்க் குழாய்க் கசிவு

பழைய டிராக்டர்கள் சிலவற்றில் கியர் பெட்டியின் எண்ணெய், இரண்டு எஃகுக் குழாய்களின் வழியே முன்புறமுள்ள குளிர்விக்கும் கருவிக்குச் சென்று, சூடு தணிந்து திரும்புகிறது. இக்குழாய் கசிந்தால் எண்ணெய் குறையும். குறைந்த எண்ணெய் மிகச் சூடேறி, பம்பையும் பல்சக்கரங்களையும் கெடுக்கும். சிறு கசிவென்று அசட்டை செய்வோர் பின்னர்ப் பெரும்பொருள் செலவிட நேரும்.

கசிவை அறிதல்: எண்ணெய் சொட்டும் இடமே கசியும் இடமென்று கொள்ளலாகாது, அது குழாய் வழியே ஓடித் தாழ்ந்த இடத்தில் சொட்டும். ஆதலால் குழாய்களைத் துடைத்து உலர்த்தி, இஞ்சினைச் சிறிது நேரம் ஓட்டி, விசிறிக்கு விலகி நின்று, நீண்ட அட்டையொன்றைக் குழாயருகே பிடித்துப் பார்க்க வேண்டும். கையால் தடவுதல் கூடாது. அழுத்தத்துடன் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்புகும். அவ்வாறு நேர்ந்தால், காயம் சிறிதாகத் தோன்றினும், உடனே மருத்துவமனைக்குச் செல்வது அவசியம்.

பழுது நீக்கல்: இஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, கலப்பையைத் தரையில் இறக்கிய பின் வேலையைத் தொடங்குக. மூட்டுத் தளர்ந்திருந்தால், ஒரு ஸ்பானரால் கருவியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, மற்றொன்றால் நட்டை முடுக்க வேண்டும். இல்லையேல் கழுத்து முறுகி உடையும். துருவால் துளை விழுந்த குழாயை ஈயம் வைத்தோ துணி சுற்றியோ அடைப்பது நிலைக்காது. அதே அளவுள்ள எஃகுக் குழாயை மாற்றுவதே தக்கது. ரப்பர்க் குழாய் வெடித்திருப்பின், எண்ணெய்க்கும் சூட்டுக்கும் உரியதையே இடுக. தண்ணீர்க் குழாய் எண்ணெயில் ஊறிக் கெடும். குழாய் இரும்பில் உராயாதபடி கவ்வியிட்டு இறுக்குக.

இறுதியாக, கையேட்டிற் குறித்த எண்ணெயை அளவுகோலின் குறி வரை ஊற்றி, ஓட்டிச் சோதித்த பின்னரே வயலில் இறக்குதல் நலம். வடித்த எண்ணெய் வாய்க்காலில் சேரலாகாது.