காத்மாண்டில் இறங்குபவர்களுக்கு

காத்மாண்டுக்கு டிக்கெட் எடுக்கும்போதே ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: போய் இறங்கும் நாளில் வேறு எந்த வேலையும் வைக்கக் கூடாது. அன்று மாலையே பொக்ராவுக்கு உள்நாட்டு விமானம், அன்றிரவே சிட்வன் பேருந்து என்று அடுக்கிவைத்தால் அது எங்காவது சரியும். திரிபுவன் பன்னாட்டு விமான நிலையத்தைத் திட்டுபவர்கள் நிறையப் பேர். அவர்கள் சொல்லும் குறைகளில் உண்மை உண்டு. ஆனால் தாமதத்தில் பெரும் பங்கு அந்த இடத்தின் அமைப்பிலிருந்தே வருகிறது. அதைத் தெரிந்துகொண்டு பயணத்தைத் திட்டமிட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1,338 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காட்டைவிடக் கொஞ்சம் தாழ்வுதான். இந்த உயரத்தில் மூச்சுத்திணறல் வருமோ என்று பயப்பட வேண்டாம். சிக்கல் உயரத்தில் இல்லை, சுற்றி நிற்கும் மலைகளில் இருக்கிறது. வடக்கே சிவபுரி, தென்கிழக்கே புல்சோகி, மேற்கே நாகார்ஜுன், சந்திராகிரி. நடுவில் கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கு, அதற்குள் ஒரு மேட்டின் மேல் ஒரே ஓடுபாதை. நீளம் மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல். வடக்கே போகப் போக மலை உயர்ந்துகொண்டே இமயத்தில் முடிவதால், பெரும்பாலான விமானங்கள் தெற்கிலிருந்தே வந்து இறங்குகின்றன. சமவெளி விமான நிலையங்களில் இருப்பதுபோல் நேர்கோட்டில் வழிகாட்டி இறக்கும் ஐ.எல்.எஸ். கருவி இங்கே இல்லை. மலைகள் அதற்கு இடம் தரவில்லை. மகாபாரத் மலைத்தொடரைத் தாண்டியபின் விமானிகள் படிப்படியாக உயரத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். அண்மை ஆண்டுகளில் செயற்கைக்கோள் துணையோடு இறங்கும் முறையும் வந்திருக்கிறது.

இந்தப் படிகளில் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 1992ஆம் ஆண்டு கொடுமையான சாட்சி. ஜூலை 31 அன்று தாய் ஏர்வேஸ் விமானம் காத்மாண்டுக்கு வடக்கே மலையில் மோதி 113 பேர் இறந்தார்கள். செப்டம்பர் 28 அன்று பாகிஸ்தான் இன்டர்நேஷனல் விமானம் தெற்கே, இருக்க வேண்டிய உயரத்துக்குக் கீழே வந்ததால் மலையில் மோதி 167 பேர் இறந்தார்கள். உங்களைப் பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. விமானி “இன்னும் அரை மணி நேரம் வானில் வட்டமிடப் போகிறோம்” என்று அறிவிக்கும்போது எரிச்சல்படாதீர்கள் என்பதற்காக எழுதுகிறேன். தெளிவாகத் தெரியும்வரை இறங்காமல் காத்திருப்பதுதான் இங்கே சரியான வேலை.

காத்திருப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. தில்லியிலிருந்து வரும் ஏர்பஸ், தோஹாவிலிருந்து வரும் பெரிய விமானம், பொக்ராவுக்குப் போகும் ஏ.டி.ஆர்., மலைக்குப் போகும் பதினெட்டு இருபது இருக்கை ட்வின் ஆட்டர் என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரே ஓடுபாதைதான். அதில் ஒன்று நின்றுவிட்டால் நாடே நின்றுவிடும். 2015 மார்ச் 4 அன்று பனிமூட்டத்தில் இறங்கிய துருக்கி விமானம் பாதையை விட்டு விலகிப் புல்தரையில் முகம் குத்தி நின்றது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அதை அகற்றும்வரை நான்கு நாள் பன்னாட்டு விமானங்கள் வரவோ போகவோ முடியவில்லை. அடுத்த மாதமே பெரும் நிலநடுக்கம். நிவாரணப் பொருட்களோடு வந்த கனத்த விமானங்களின் சுமையில் ஓடுபாதை சேதமடைய, பெரிய விமானங்களுக்குத் தடை விதிக்க வேண்டியதாயிற்று.

எந்த மாதம் போகலாம்? அக்டோபரும் நவம்பரும் வானம் மிகத் தெளிவாக இருக்கும் மாதங்கள். கூட்டமும் அப்போதுதான் அதிகம். டிசம்பர், ஜனவரியில் காலைப் பனி பள்ளத்தாக்கில் தேங்கி நிற்கும், வெயில் ஏறினால்தான் விலகும். அந்த மாதங்களில் அதிகாலை விமானத்தைவிட நண்பகலை ஒட்டி வந்து சேரும் விமானம் மேல். மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் காட்டுத்தீப் புகை சேர்ந்து பார்வைத் தூரம் குறையும் நாட்கள் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. மழைக்காலத்தில் மலைக்குப் போகும் சிறு விமானங்களை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களில் பெரும்பாலோர் தில்லி வழியாகவே போகிறார்கள். தில்லியிலிருந்து பறக்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றரை மணி. சென்னை–தில்லி ஒரு டிக்கெட், தில்லி–காத்மாண்டு வேறு டிக்கெட் என்று தனித்தனியாக எடுத்தால் தில்லியில் பெட்டியை வாங்கி மறுபடி செக்-இன் செய்ய வேண்டியிருக்கும். நடுவில் நான்கு மணி நேரமாவது விடுங்கள். ஒரே டிக்கெட்டாக எடுப்பது நல்லது. தில்லியிலிருந்து போகும்போது இடதுபக்க ஜன்னல், திரும்பும்போது வலதுபக்க ஜன்னல். இமயம் வடக்கே இருக்கிறது என்பதை நினைவில் வைத்தால் போதும், குழப்பம் வராது. மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்களுக்குக் கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் நேரடி விமானம் உண்டு.

ஆவணங்கள் விஷயத்தில்தான் நம் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். இந்தியர்களுக்கு நேபாள விசா தேவையில்லை. ஆனால் விமானத்தில் போக பாஸ்போர்ட் அல்லது தேர்தல் ஆணையம் கொடுத்த வாக்காளர் அட்டை, இரண்டில் ஒன்றின் அசல் வேண்டும். ஆதார் செல்லாது. விமான நிலையம்வரை வந்து, ஆதாரை நீட்டி, திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் 15 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் மட்டும் விலக்கு உண்டு. படமும் வயதும் உள்ள ஆதார், பான் போன்றவை அவர்களுக்குப் போதும். நடுவில் இருக்கும் 15 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளி முதல்வர் தரும் அடையாளச் சான்றிதழ் ஏற்கப்படும். பெற்றோரின் கையில் வாக்காளர் அட்டை இருக்க, பிள்ளைக்கு ஒன்றுமே இல்லாமல் வந்து நிற்கும் குடும்பங்களை நினைத்துத்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். என்னைக் கேட்டால் எல்லோருக்கும் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு கிளம்புவதே நிம்மதி. கயிலாய யாத்திரைக்காக நேபாளம் வழியே திபெத் போகிறவர்களுக்கு பாஸ்போர்ட் கட்டாயம்.

இலங்கைத் தமிழர்களுக்கு, சார்க் நாட்டவர் என்ற முறையில், ஆண்டின் முதல் வருகைக்கு 30 நாள் விசா இலவசம். மற்ற பெரும்பாலான நாடுகளின் குடியுரிமை உள்ளவர்கள் இறங்கியதும் விசா வாங்கலாம்: 15 நாளுக்கு 30 டாலர், 30 நாளுக்கு 50, 90 நாளுக்கு 125. படிவத்தை இணையத்திலேயே நிரப்பிவிட்டு வந்தால் அங்குள்ள இயந்திரத்தின் முன் வரிசையில் நிற்க வேண்டாம். முதலில் பணம் கட்டிவிட்டுப் பிறகே குடிவரவு அதிகாரியிடம் போக வேண்டும். டாலரைப் பணத்தாளாகவே கையில் வைத்திருங்கள். அட்டை இயந்திரம் எல்லா நேரமும் வேலை செய்யும் என்று எண்ண வேண்டாம்.

குடிவரவு தாண்டியதும் கைப்பையை இன்னொரு முறை ஸ்கேன் செய்வார்கள். இறங்கிய இடத்தில் எதற்கு இது என்று தோன்றும். விவாதிக்காமல் பையை வையுங்கள். பெட்டிகள் வரத் தாமதமாகும். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வரும் நேபாளத் தொழிலாளர்களின் விமானமும் அதே நேரம் இறங்கியிருந்தால், டேப் சுற்றிய பெரிய மூட்டைகளும் தொலைக்காட்சிப் பெட்டிகளுமாக அந்தக் கூடம் நிரம்பிவிடும். அவர்கள் அனுப்பும் பணத்தில்தான் அந்த நாட்டின் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிகிறது. வழிவிட்டு நில்லுங்கள். லக்கேஜ் டேக் துண்டைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். வெளியே போகும்போது கேட்கலாம்.

கடிகாரத்தைப் பதினைந்து நிமிடம் முன்னே தள்ளுங்கள். நேபாள நேரம் இந்திய நேரத்தைவிடக் கால்மணி முன்னே ஓடுகிறது. இது சின்ன விஷயம்போலத் தோன்றினாலும் திரும்பும் விமானத்தைத் தவறவிட அந்தக் கால்மணி போதும்.

பணம்: 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்பது நிலையான மாற்று விகிதம். நூறு ரூபாய்த் தாள்களாகக் கொண்டுபோங்கள். பெரிய தாள்கள் பற்றிய விதிகள் பலமுறை மாறியிருக்கின்றன, கடைக்காரர்களும் வாங்கத் தயங்குவார்கள். விலை கேட்கும்போது “ஐ.சி.யா, என்.சி.யா?” என்று தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஐ.சி. என்றால் இந்தியப் பணம், என்.சி. என்றால் நேபாளப் பணம். 2024 மார்ச் முதல் பல கடைகளில் க்யூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்து நம் யு.பி.ஐ. வழியாகவும் கொடுக்கலாம். சிம் வேண்டுமானால் வருகைப் பகுதியிலேயே என்செல், நேபாள் டெலிகாம் முகப்புகள் உண்டு. அடையாள ஆவணத்தின் நகலும் ஒரு புகைப்படமும் தயாராக இருக்கட்டும்.

வெளியே வந்ததும் உங்கள் தள்ளுவண்டியில் யாராவது கை வைப்பார்கள். உதவி தேவையென்றால் முதலிலேயே தொகை பேசுங்கள், தேவையில்லையென்றால் சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள். ப்ரீபெய்டு டாக்ஸி முகப்பு உள்ளேயே இருக்கிறது. பதாவ், இன்டிரைவ் செயலிகளும் நகரத்தில் புழக்கத்தில் உள்ளன. பெரும்பாலோர் தங்கும் தமேல் ஆறேழு கிலோமீட்டர்தான், ஆனால் நெரிசல் நேரத்தில் முக்கால் மணி ஆகிவிடும்.

இனி உள்நாட்டு முனையம். பன்னாட்டு முனையத்திலிருந்து அது தனிக் கட்டடம், நடந்தே போய்விடலாம். அதன் ஒழுங்கு வேறு மாதிரி. சிறிய விமானங்களில் பெரும்பாலும் இருக்கை எண் இராது, முதலில் ஏறியவருக்கு நல்ல ஜன்னல். பொக்ரா போகும்போது வலதுபக்கம் உட்காருங்கள். மலை விமானங்களில் பெட்டிக்கான எடை வரம்பு மிகக் குறைவு, சில கிலோ கூடினாலும் கணக்குப் பார்ப்பார்கள். கட்டணமும் நேபாளிகளுக்கு ஒன்று, இந்தியர்களுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று என்று பிரிந்திருக்கும். முன்பதிவில் குடியுரிமையைச் சரியாகக் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் முகப்பில் வித்தியாசத்தைக் கட்ட நேரிடும்.

நம்மவர்கள் அதிகம் போவது முக்திநாத்துக்கு. 108 திவ்ய தேசங்களில் ஒன்றான திருச்சாளக்கிராமம் அதுதான் என்று வைணவர்கள் வழிபடுகிறார்கள். காத்மாண்டிலிருந்து பொக்ரா, பொக்ராவிலிருந்து ஜோம்சோம், அங்கிருந்து ஜீப். ஜோம்சோம் விமானங்கள் காலையில் மட்டும்தான். காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் முற்பகல் கடந்தால் பலமான காற்று கிளம்பிவிடும். அதன்பின் விமானம் இறங்க முடியாது. இன்று ரத்தானால் நாளைக் காலைதான். ஆகவே முக்திநாத் போகிறவர்கள் காத்மாண்டிலிருந்து ஊர் திரும்பும் தேதிக்கு முன் குறைந்தது இரண்டு நாளைக் காலியாக விடுங்கள். கோயில் சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காத்மாண்டில் பயப்பட வேண்டாம் என்று சொன்ன மூச்சுத்திணறலை அங்கே கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். முதியவர்களை ஒரே நாளில் மேலே கொண்டுபோகாமல் ஜோம்சோமில் ஓர் இரவு தங்கவைப்பது நல்லது.

எவரெஸ்ட் அடிவாரம் போகிறவர்கள் டிக்கெட்டில் புறப்படும் ஊரை ஒருமுறை படித்துவிடுங்கள். கூட்டமான மாதங்களில் லுக்லா விமானங்கள் காத்மாண்டிலிருந்து கிளம்பாமல் ராமேசாப் மாவட்டத்து மந்தலியிலிருந்து கிளம்பும். அங்கே போக நள்ளிரவுக்குப் பின் ஜீப் ஏறி நான்கைந்து மணி நேரம் மலைப்பாதை. நடக்க முடியாதவர்களுக்கு ஒரு நல்ல மாற்று: அதிகாலையில் இந்த உள்நாட்டு முனையத்திலிருந்தே கிளம்பி, ஒரு மணி நேரம் சிகரங்களை ஒட்டிப் பறந்து, இங்கேயே திரும்பி இறங்கும் ‘மவுண்டன் ஃப்ளைட்’. எல்லோருக்கும் ஜன்னல் இருக்கை தருகிறார்கள். வானிலை சரியில்லாவிட்டால் ரத்தாகும். எனவே கடைசி நாளுக்கு வைக்காதீர்கள்.

விமானத்துக்கு ஐந்தாறு மணி நேரம் இருக்கிறது, பெட்டியை விடுதியில் வைத்துவிட்டீர்கள் என்றால் பசுபதிநாதர் கோயில் விமான நிலையத்துக்கு அருகிலேயே, பாக்மதிக் கரையில் இருக்கிறது. கருவறைக்குள் பூசை செய்யும் பட்டர்கள் கர்நாடகத்திலிருந்து வருபவர்கள் என்பது தென்னாட்டவருக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. கோயிலுக்குள் தோல் பொருளும் கேமராவும் கூடாது. நேரம் இன்னும் மிஞ்சினால் பௌத்தநாத் தூபியும் பக்கம்தான்.

இந்த இடத்தின் பழைய பெயர் கௌசர், மாடு மேய்ந்த வெளி. 1949இல் அன்றைய இந்தியத் தூதர் சுர்ஜித் சிங் மஜிதியா வந்த சிறு விமானம்தான் இங்கே முதலில் இறங்கியது. 1955இல் மன்னர் மகேந்திரா தம் தந்தை திரிபுவனின் பெயரைச் சூட்டினார். 1957இல்தான் புல்தரை சிமென்ட் கண்டது. இன்றைக்கும் மேட்டின் இரு முனையிலும் நிலம் சரிந்து இறங்குவதைப் புறப்படும்போது ஜன்னல் வழியே பார்க்கலாம்.

புறப்படும் நாளில் மூன்று மணி நேரம் முன்பே போய்விடுங்கள். டிக்கெட்டும் அடையாள ஆவணமும் உள்ள பயணியை மட்டுமே உள்ளே விடுவார்கள். வழியனுப்ப வந்தவர்களிடம் வாசலிலேயே விடைபெற்றுக்கொள்ள வேண்டியதுதான். நுழைவாயிலில் ஒரு சோதனை, உள்ளே ஒரு சோதனை, சில சமயம் விமானத்தருகே இன்னொன்று. பவர் பேங்க் கைப்பையில், தீப்பெட்டியும் லைட்டரும் எங்குமே இல்லாமல். உள்ளே சாப்பாடு விலை அதிகம், வகையும் குறைவு. தால்-பாத் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். மோமோ வாங்கினால் உள்ளே என்ன என்று கேளுங்கள், எருமை இறைச்சி வைத்ததும் சகஜம்.

பித்தளைப் புத்தர், தாரா சிலை, பழையதுபோல் தோன்றும் தங்கா ஓவியம் வாங்கியிருந்தால் கடை ரசீதை மட்டும் நம்பாதீர்கள். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளை நாட்டைவிட்டு எடுத்துப்போகத் தடை இருக்கிறது. புதியதுதான் என்பதற்குத் தொல்லியல் துறையின் சான்றிதழைக் கடைக்காரரையே வாங்கித் தரச் சொல்லுங்கள். நேபாளத்திலிருந்து திருடுபோன சாமி சிலைகள் ஏராளம், சில இப்போதுதான் வெளிநாட்டு அருங்காட்சியகங்களிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருக்கின்றன. சிலைத் திருட்டின் வலி தெரிந்த தமிழ்நாட்டவர்கள் அந்தச் சோதனைக்குப் பெட்டியை மனமுவந்து திறந்து காட்டலாம். சான்றிதழ் ஒரு நாளில் கிடைக்காமல் போகலாம் என்பதால் சிலையைப் பயணத்தின் தொடக்கத்திலேயே வாங்கிவிடுங்கள்.