மைக் ஏன் கூவுகிறது?

கல்யாண மண்டபத்தில் கச்சேரி தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருக்காது, மைக் கூவும். முன்வரிசை மாமாக்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். "மைக் சரியில்லப்பா!" என்று ஒரு குரல் எழும். மைக் செட் தம்பி ஓடிவந்து ஈக்வலைசரில் கை வைப்பார். இந்த ஒரு காட்சிக்குள்ளேயே இரண்டு தப்பான நம்பிக்கைகள் உட்கார்ந்திருக்கின்றன.

நம்பிக்கை: கூவினால் மைக் பழுது.

மைக் பாவம். பாக்ஸிலிருந்து வரும் ஓசை திரும்ப மைக்குக்குள் புகுந்து, பெருகி, மறுபடி பாக்ஸுக்கே போகிறது. சுற்றுக்குச் சுற்று எந்த ஸ்வரம் வளர்கிறதோ, அதுதான் கூவல். எனவே முதலில் பார்க்க வேண்டியது, பாக்ஸ் எங்கே நிற்கிறது என்பதை. பாடகருக்குப் பின்னால் நின்றால் எந்த ஈக்வலைசராலும் காப்பாற்ற முடியாது. மைக்குக்கு முன்னால், சபையைப் பார்த்து நிற்க வேண்டும். அடுத்து, பாடுபவர் கொஞ்சம் நெருங்கி உட்கார வேண்டும். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடுதலாகக் கிடைக்கும். காசில்லாத ஆம்ப்ளிஃபயர்!

மெல்லிசை மேடைகளில் மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கிறார்களே, அது இன்னும் வேடிக்கை. பின்னாலிருந்து வரும் ஓசையை மைக் ஒதுக்குவதே அந்தத் தலைக்குக் கீழுள்ள துளைகளால்தான். பொத்தினால் நாலா திசையும் அதற்குக் கேட்கும், கூவல்தான் அதிகமாகும். பட்டிமன்றத்தில் பேசாதவர் மைக்கையும் திறந்து வைப்பதும் இதே கதைதான். திறந்த மைக்குகள் இரட்டிக்க இரட்டிக்க, கூவாமல் ஏற்றக்கூடிய சத்தம் 3 டெசிபல் குறையும். எட்டில் ஒன்றை மட்டும் திறந்தால் 9 டெசிபல் லாபம்.

நம்பிக்கை: பேஸும் ட்ரெபிளும் ஏற்றி, நடுவை இறக்கினால் ஒலி கம்பீரமாகும்.

வீட்டில், மெல்லிய சத்தத்தில் அது இனிக்கும். சத்தம் குறைவாக இருக்கையில் நம் காதுக்குத் தாழ்ந்த ஒலிகள் சரியாக எட்டுவதில்லை. பிளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். மண்டபத்துச் சத்தத்துக்கு அந்த ஊட்டம் அவ்வளவாகத் தேவையில்லை. அதோடு, ல, ள, ழ மூன்றையும் காது பிரித்தறிவது பெரும்பாலும் 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில். அந்த நடுவை வெட்டினால் பழமும் பலமும் ஒன்றாகிவிடும். புளியமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரை இளக்காரமாகப் பேசுகிறோம். அதில் பேஸ் கிடையாதுதான், ஆனால் காணாமல் போன பையனின் சட்டை நிறம் நாலு தெருவுக்கும் தெளிவாகக் கேட்கும்.

நம்பிக்கை: எதிரொலிக்கும் மண்டபத்தை ஈக்வலைசர் சரிசெய்துவிடும்.

எந்த ஒலி எவ்வளவு என்பதை மட்டுமே ஈக்வலைசர் மாற்றும். சுவரிலும் டைல்ஸிலும் மோதித் தாமதமாக வருவதை அதனால் அழிக்க முடியாது. 1895-இல் ஹார்வர்டில் பேச்சு புரியாத ஒரு வகுப்பறையைச் சரிசெய்யச் சொன்னபோது, வாலஸ் சபைன் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி அடுக்கி அளந்தார். மெத்தை கூடக்கூட முழக்கம் குறைந்தது. மனித உடம்பும் அப்படியொரு மெத்தைதான். அதனால்தான் ஐந்து மணிக்கு வெறும் கூடத்தில் வைத்த அளவு, ஏழு மணிக்குப் பட்டுப்புடவைகள் நிறைந்ததும் பொருந்தாமல் போகிறது.

முழங்கும் கூடத்தில் செய்ய முடிந்தது, பாக்ஸைச் சுவரையும் கூரையையும் விட்டு ஜனங்களை நோக்கித் திருப்புவது. பெரிய பாக்ஸ் இரண்டுக்குப் பதில் சிறியவற்றை ஆட்களுக்கு அருகில் வைப்பது. பின்னால் வைக்கும் பாக்ஸுக்குத் தாமதம் கொடுக்க மறக்கக் கூடாது. ஒலி 35 மீட்டர் கடக்க ஏறக்குறைய 0.1 வினாடி ஆகும். தாமதம் கொடுக்காவிட்டால் பின்வரிசைக்காரருக்கு ஒவ்வொரு சொல்லும் இரண்டு தரம் விழும்.

நம்பிக்கை: வாட்ஸ் இரட்டித்தால் சத்தமும் இரட்டிக்கும்.

இல்லை, கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்றப் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும்.

அப்படியானால் ஈக்வலைசர் எதற்கு? பாக்ஸ், மைக், ஆள் எல்லாம் இடத்தில் அமர்ந்த பிறகு, சத்தத்தை மெல்ல ஏற்றி, எந்த இடத்தில் கூவல் முளைக்கிறது என்று கேட்டு, 31 ஃபேடர்களில் அந்த ஒன்றை மட்டும் 3 டெசிபல் போலக் கீழே இறக்க. இப்படி மூன்று நான்கு இடங்கள் போதும். வரிசையாக எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டே போவதானால், மெயின் வால்யூமைக் குறைத்துவிட்டுப் போகலாம்.