மூச்சை நடுவில் விட்டுவிட்டால் என்ன ஆகும்?

ஆந்திர எல்லையில் உள்ள சத்தியவேட்டில் ஒரு வீட்டுப் பெண்ணுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தால், உறவினர்களில் பாதிப் பேர் திருப்பதிக்கு வழி சொல்வார்கள், மீதிப் பேர் ஊத்துக்கோட்டை வழியாகச் சென்னைக்கு. திருப்பதியில் சுவிம்ஸ் மருத்துவமனையும், தேவஸ்தான நிலத்தில் டாடா அறக்கட்டளை கட்டி 2022இல் திறந்த புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கின்றன. சென்னையில் 1954 முதல் நடக்கும் அடையாறு புற்றுநோய் நிலையம். எங்கே போனாலும் பலருக்கு ஆபரேஷனும் கீமோவும் முடிந்து ‘கரண்ட்’ வைக்கும், அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சைக் கட்டம் வரும். அப்போது இடது மார்பில் கட்டி இருந்தவர்களிடம், “மூச்சை நல்லா இழுத்துப் பிடிச்சுக்கணும்மா” என்று சொல்லக்கூடும். அந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றித்தான் எத்தனை பயம்!

முதல் பயம்: “நடுவில் மூச்சு விட்டுவிட்டால் கதிர் இதயத்தைப் பொசுக்கிவிடும்.” இந்த நினைப்பில் இரவெல்லாம் தூங்காமல் வரும் பெண்கள் இருக்கிறார்கள். நடப்பது வேறு. உங்கள் மார்பு எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதைக் கேமராவோ, உடம்பின் மேல் வைக்கும் சிறு பெட்டியோ நொடிக்கு நொடி கவனித்துக்கொண்டிருக்கும். திட்டமிட்ட உயரத்துக்கு மார்பு வந்த பிறகுதான் கதிர் பாயும். இருமினாலோ, மூச்சு தளர்ந்தாலோ சில இடங்களில் இயந்திரம் தானாகவே நின்றுவிடும். சில இடங்களில் வெளியே திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் டெக்னீஷியன் நிறுத்திவிடுவார். மிச்சக் கதிரை அடுத்த மூச்சில் கொடுப்பார்கள். அன்றைய அளவு கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. அறையில் நீங்கள் தனியாக இருந்தாலும் அவர்கள் உங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள், நீங்கள் பேசினால் அவர்களுக்குக் கேட்கும்.

இத்தனை ஏற்பாடும் எதற்கு? ஆழமாக மூச்சு இழுக்கும்போது நுரையீரல் விரிகிறது, உதரவிதானம் கீழே இறங்குகிறது, இதயம் மார்புச் சுவரைவிட்டுச் சற்று விலகிப் போகிறது. அந்தச் சிறு இடைவெளியால் இதயத்தில் விழும் கதிர் பலருக்குப் பாதியாகக் குறைகிறது. ஆய்வாளர் சாரா டார்பியின் குழுவினர் சுவீடன், டென்மார்க் நாடுகளில் 1958 முதல் 2001 வரை கதிர்வீச்சு பெற்ற 2,168 பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். இதயத்தில் சராசரியாக விழுந்த ஒவ்வொரு கிரே (கதிரை அளக்கும் அலகு) கதிருக்கும், மாரடைப்பு போன்ற பெரிய இதய நோய் வரும் வாய்ப்பு 7.4 சதவீதம் கூடியிருந்தது. இதைப் படித்துப் பதற வேண்டாம். அது ஒருவருக்கு ஏற்கெனவே இருக்கும் ஆபத்தின் மேல் ஏறும் சதவீதம். அந்தப் பெண்களின் இதயம் வாங்கிய சராசரி 4.9 கிரே, இன்று நல்ல திட்டமிடலில் பலருக்கு அது ஒன்றிரண்டு கிரேதான். சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைப்பதும் அதே இதயத்தைக் காக்கும் வேலைதான்.

“பிராணாயாமம் பழகியவர்களுக்குத்தான் இது முடியும்” என்பார்கள். தேவைப்படுவது ஏறக்குறைய 20 வினாடி, சில தடவை, இடையில் ஓய்வுடன். எழுபது வயதுப் பாட்டிகளாலும் முடிகிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: வயிற்றால் மூச்சு விடப் பழகியவர்கள் இங்கே கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கலாம், ஏனென்றால் உயர வேண்டியது மார்பு. மூச்சை அடிவரை இழுத்துத் திணற வேண்டாம். ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் இழுப்பதுதான் முக்கியம்.

வீட்டில் பாயில் மல்லாந்து படுத்து, கைகளைத் தலைக்கு மேல் வைத்துப் பழகுங்கள். பத்து எண்ணுவதில் தொடங்கினால் போதும், சில நாளில் இருபது வந்துவிடும். முதுகை வளைத்துத் தூக்கினால் மார்பு உயர்ந்த மாதிரித் தெரியும், ஆனால் இதயம் நகராது. பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து முதுகைப் பார்க்கச் சொல்லுங்கள். அக்குளில் ஆபரேஷன் ஆனவர்களுக்குக் கை மேலே போகாமல் இறுகியிருக்கும். தோள் பயிற்சியை, சிகிச்சையைத் திட்டமிட எடுக்கும் ஸ்கேனுக்கு முன்பே தொடங்கிவிட வேண்டும். ஆஸ்துமாவோ இருமலோ இருந்தால் முதல் நாளே சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை விரதம் என்று வெறும் வயிற்றோடு போய் மயக்கம் வரவழைத்துக்கொள்ளாதீர்கள், இந்தச் சிகிச்சைக்குப் பட்டினி தேவையில்லை. கதிர் பாய வேண்டிய இடத்தைக் காட்ட உடம்பில் போட்ட குறிகளை மஞ்சள் தேய்த்து அழித்துவிடாதீர்கள்.

“எனக்கு மூச்சைப் பிடிக்கச் சொல்லவே இல்லை, மட்டமான சிகிச்சை கொடுக்கிறார்கள்” என்று வருந்துபவர்களும் உண்டு. வலது மார்பு என்றால் பெரும்பாலும் இது தேவைப்படாது. இடது மார்பிலும் சிலருக்கு இதயம் இயல்பாகவே தள்ளி இருக்கும். மூச்சுப் பிடிக்கவே முடியாதவர்களுக்கு இதயத்தின் பக்கம் கதிரை மறைக்கலாம், குப்புறப் படுக்கவைத்தும் கொடுக்கலாம். விலை உயர்ந்த கருவி இருந்தால்தான் நடக்கும் என்பதும் சரியில்லை. லண்டன் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையில் நடந்து 2013இல் வெளியான ஒப்பீட்டில், வாயில் குழாய் வைத்து மூச்சை அடைக்கும் கருவியும், நோயாளி தானே பிடிக்கும் மூச்சும் இதயத்தை ஏறக்குறைய ஒரே அளவில் காத்தன. பெண்கள் விரும்பியது தாங்களே பிடிக்கும் மூச்சைத்தான்.

எனக்கு அதிகம் வலிப்பது வேறொரு நம்பிக்கை. கரண்ட் வைத்துவிட்டு வந்த அம்மாவிடம் பேரக்குழந்தையைத் தராமல், தட்டையும் தம்ளரையும் தனியாக ஒதுக்குகிறார்கள். வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர் இயந்திரம் நின்றதும் நின்றுவிடும். உடம்பில் எதுவும் தங்காது. குழந்தையைத் தூக்கலாம், கட்டிப்பிடித்துத் தூங்கலாம். ஷாக் அடிக்காது. தலைமுடியும் இதனால் கொட்டாது. அது கீமோவின் வேலை.

இப்போது பலருக்கும் 15 நாள் சிகிச்சை, திங்கள் முதல் வெள்ளி வரை மூன்று வாரம். சென்னைக்குப் போவதென்றால் ஒன்றை நினைவில் வையுங்கள்: தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீடு ஆந்திர ரேஷன் கார்டுக்குக் கிடைக்காது. ஆந்திர அரசின் திட்டத்தை அந்த மருத்துவமனை ஏற்குமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். மூச்சுக்கான கட்டளை தமிழிலா தெலுங்கிலா வேண்டும், பெண் டெக்னீஷியன் உண்டா, மேலே போர்த்தத் துணி தருவார்களா என்று கேட்கவும் கூச்சப்பட வேண்டாம். “எனக்கு இடது பக்கம், மூச்சுப் பிடிப்பது எனக்கு உதவுமா?” என்று ஸ்கேனுக்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள். மூச்சுக்குப் பயந்து மட்டும் சிகிச்சையைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.